தீக்காயமும் தோல் நோயும்: செவிலியர் பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீக்காயப் பிரிவுக்கும் தோல் நோய்ப் பிரிவுக்கும் புதிதாகப் பணிக்கு வரும் செவிலியர்கள் கேட்பவையும், கட்டிலருகே இரவும் பகலும் துணைக்கு இருக்கும் உறவினர்கள் கேட்பவையும் இங்கே கலந்தே இருக்கின்றன. வார்டில் நாங்கள் செய்யும் வேலையில் பாதியை வீட்டில் உறவினர்கள்தான் தொடர வேண்டியிருக்கிறது என்பதால் அவற்றைப் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. மருந்தையும் அதன் அளவையும் சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தீக்காயம் வேறு, தோல் நோய் வேறு அல்லவா? இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

காரணங்கள் வேறுதான். ஆனால் தோல் பெருமளவில் சிதைந்துபோனால் உடலுக்கு நேரும் இழப்பு ஒன்றே. உடலின் நீரை உள்ளே நிறுத்துவது, சூட்டைக் காப்பது, கிருமியை வெளியே தடுப்பது, தொடுதலையும் வலியையும் உணர்த்துவது என்று தோல் ஓசையின்றிச் செய்துவந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. கொதிநீரால் தோல் உரிந்தாலும், மருந்து ஒவ்வாமையால் உரிந்தாலும், அந்த வேலைகளை யாராவது செய்தாக வேண்டும். தோல் திரும்ப வளரும் வரை அதன் வேலையைச் செவிலியர் ஏற்றுச் செய்கிறார் என்றே நான் மாணவியருக்குச் சொல்வது வழக்கம். நரம்பு வழியாக ஏறும் திரவம், வெதுவெதுப்பான அறை, கழுவிய கை, காயத்தை மூடிய கட்டு என்று எதை எடுத்துக்கொண்டாலும், அது தோலின் ஏதோ ஒரு வேலைக்கு ஈடாகவே இருக்கும்.

தீப்பட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

தீயை அணைத்து, சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் போதும். காயம் பட்டு 3 மணி நேரம் வரை இப்படிக் குளிர்விப்பதால் பலன் உண்டு. ஆகவே மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தவருக்கும், முன்பே செய்யப்படவில்லை என்றால், செய்யலாம். பனிக்கட்டியை வைக்கக் கூடாது. கடுங்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைத்திருக்கக்கூடிய திசுவையும் சாகடித்துவிடும். சுட்ட இடத்தின் நடுவில் செத்த திசுவும், அதைச் சுற்றி உயிருக்கும் சாவுக்கும் இடையே ஊசலாடும் ஒரு வளையமும் இருக்கின்றன. அந்த வளையத்தைக் காப்பாற்றத்தான் முதல் சில மணி நேரத்துச் சிகிச்சை முழுவதும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறியபின் அவை கழலா. துணி தோலோடு ஒட்டிப் போயிருந்தால் இழுக்காமல், சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பற்பசை, மை, எண்ணெய், மாவு என எதையும் பூசக் கூடாது. இவற்றைப் பூசிக்கொண்டு வருபவரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததைப் பூசியிருப்பார்கள். ஆனால் அதைச் சுரண்டி எடுக்கும் வலியைத் தாங்க வேண்டியவர் நோயாளியே என்பதால், தெரிந்தவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குளிர்வித்தபின் சுத்தமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை மேலே பரப்பி வைக்கலாம். கை கால்களில் இறுக்கிச் சுற்றிவிடக் கூடாது. குழந்தைகளும் பெரும்பரப்புக் காயமுள்ளவர்களும் விரைவில் குளிர்ந்துபோவார்கள். காயத்தைக் குளிர்விக்கும்போதே உடலின் மற்றப் பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும்.

இரசாயனமோ மின்சாரமோ தாக்கியிருந்தால் இதே முறைதானா?

இரசாயனமானால் 20 நிமிடம் போதாது. நீண்ட நேரம் ஏராளமான நீரால் கழுவ வேண்டும். பொடியாக இருந்தால் முதலில் உலர்ந்தபடியே துடைத்துத் தட்டிவிட்டு, அதன்பின் நீர் ஊற்ற வேண்டும். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று முறித்துப் பார்ப்பது தவறு. அந்த வினையே சூட்டைக் கிளப்பி இன்னொரு காயத்தை உண்டாக்கும். கண்ணில் பட்டிருந்தால் கண்ணே முதலில்.

மின்சாரக் காயத்தில் வெளியே தெரிவது சிறு துளியாக இருக்கும். உள்ளே தசை வெந்திருக்கும். மின்னிணைப்பைத் துண்டிக்கும் வரை நோயாளியைத் தொடக் கூடாது. மருத்துவமனையில் இதயத் துடிப்பு வரைபடம் எடுப்பதும், சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பதும் இன்றியமையாதவை. சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ இறங்கினால், சிதைந்த தசையிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று எண்ணி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

காயத்தின் பரப்பை எப்படி அளப்பது?

பெரியவர்களுக்கு ஒன்பதின் விதி கை கொடுக்கும். தலையும் கழுத்தும் 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. சிதறிக் கிடக்கும் சிறு காயங்களுக்கு, விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு என்று கொள்ளலாம். அளப்பது நோயாளியின் கையால்தான், செவிலியரின் கையால் அல்ல. குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. கைக்குழந்தையின் தலை மட்டுமே 18 விழுக்காடு வரும். அவர்களுக்கு 1944-இல் லண்டும் பிரௌடரும் வகுத்த அட்டவணையைப் பயன்படுத்துவதே சரி. கொப்புளமோ தோல் இழப்போ இன்றி வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்த்துவிட்டால் திரவக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

ஆழத்தை எப்படிக் கண்டுகொள்வது? கருந்தோல் உள்ளவர்களுக்குச் சிவப்பே தெரிவதில்லையே?

மிகவும் சரியான கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் வெளிர்தோலை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. கருந்தோலில் சிவப்பு என்பது ஊதா கலந்தோ, சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ தெரியும். சில வேளை தெரியவே தெரியாது. அப்போது புறங்கையை வைத்துச் சூட்டையும், விரல் நுனியால் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மேலோட்டமான காயம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டால் துடிக்கும் வலியோடு இருக்கும். அழுத்தி எடுத்தால் வெளுத்து, உடனே நிறம் திரும்பும். ஆழம் கூடக் கூட நிறம் திரும்பத் தாமதமாகும், வலியும் மங்கும். தோலின் முழுக் கனமும் வெந்திருந்தால் அது பதனிட்ட தோல்போல உலர்ந்து, வெளுத்தோ கருகியோ இருக்கும். குத்தினாலும் உணர்வு இராது. ஆகவே வலி இல்லை என்று நோயாளி சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: முதல் நாள் பார்த்த ஆழம் மூன்றாம் நாள் மாறியிருக்கலாம். ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

திரவம் ஏற்றுவதில் செவிலியர் கவனிக்க வேண்டியது எது?

கணக்கு, கடிகாரம், சிறுநீர் ஆகிய மூன்றும். பெரியவர்களுக்கு 15 முதல் 20 விழுக்காட்டுக்கு மேலும், குழந்தைகளுக்கு 10 விழுக்காட்டுக்கு மேலும் காயம் இருந்தால் நரம்பு வழித் திரவம் தேவைப்படும். பார்க்லேண்ட் கணக்கின்படி, 4 மில்லிலிட்டரை நோயாளியின் எடையாலும் காயத்தின் விழுக்காட்டாலும் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கான ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலின் அளவு வரும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் ஏற்ற வேண்டும். இப்போது பல இடங்களில் பெரியவர்களுக்கு 2 மில்லிலிட்டரில் தொடங்கி, தேவைக்கேற்ப ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதில் புதியவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அந்த 8 மணி நேரம், தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 விழுக்காடு காயம் என்று வைத்துக்கொள்வோம். 4 × 60 × 30 என்றால் 7,200 மில்லிலிட்டர். முதல் பாதி 3,600. அவர் தீப்பட்டு 2 மணி நேரம் கழித்து வந்தால், அந்த 3,600-ஐ மீதமுள்ள 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மணிக்கு 600 மில்லிலிட்டர். வழியில் ஏற்கெனவே ஏறியது எவ்வளவு என்று கேட்டு அதையும் கழிக்க வேண்டும். அதனால்தான் நோயாளியைக் கொண்டுவருபவரிடம் நான் முதலில் கேட்பது, “எத்தனை மணிக்குத் தீப்பட்டது?” என்பதே.

கணக்கு வெறும் தொடக்கம். சரியாக ஏறுகிறதா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.5 மில்லிலிட்டரும், குழந்தைகளுக்கு 1 மில்லிலிட்டரும் இறங்க வேண்டும். குறைந்தால் மட்டும் சொல்வது போதாது. அளவுக்கு மேல் இறங்கினாலும் சொல்ல வேண்டும். மிகையாக ஏற்றிய திரவம் நுரையீரலிலும் வயிற்றிலும் கைகால்களிலும் தேங்கி, காயத்துக்கு இணையான தீங்கைச் செய்யும். மணிக்கொரு முறை குனிந்து சிறுநீர்ப் பையின் கோட்டைப் பார்த்து எழுதுவதை யாரும் சிறிய வேலையாக நினைக்க வேண்டாம்.

முகம் லேசாகத்தான் சுட்டிருக்கிறது, நன்றாகப் பேசுகிறார். மூச்சைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

தொண்டை வீங்குவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான். மூடிய இடத்தில் தீயில் சிக்கியவர், மூக்கு முடி கருகியிருப்பவர், கரி கலந்த சளி துப்புபவர், குரல் கம்மியிருப்பவர் ஆகியோரை மூச்சுப்பாதைக் காயம் உள்ளவராகவே கருத வேண்டும். வந்தபோது தெளிவாகப் பேசியவரின் குரல் ஒரு மணி நேரத்தில் கரகரத்தால், அது மருத்துவரை ஓடிப்போய் அழைக்க வேண்டிய நேரம். வீங்கிய பின் குழாய் செருகுவது மிகக் கடினம்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பற்றியும் ஒரு வார்த்தை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98, 99 என்று காட்டும், நம்பக் கூடாது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் இந்த நச்சுவாயு ஏறிய இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. சந்தேகம் இருந்தாலே முகமூடி வழியாக முழு அளவு ஆக்சிஜன் தர வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கழுத்தில் காயமோ முதுகெலும்பில் அடியோ இல்லையென்றால் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

கையைச் சுற்றிலும் வெந்திருந்தால்?

வெந்து இறுகிய தோல் விரியாது, உள்ளே வீக்கமோ ஏறிக்கொண்டே போகும். மணிக்கொரு முறை விரல் நுனியின் சூடு, நிறம், உணர்வு, நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்த்து, கையை இதயத்துக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். மரத்துப்போகிறது என்றோ, விரலை நீட்டினால் வலி கூடுகிறது என்றோ நோயாளி சொன்னால் நாடி மறையும் வரை காத்திருக்கக் கூடாது. இறுகிய தோலை அறுவை மருத்துவர் நீளவாக்கில் கீறிவிட்டால் கை பிழைக்கும். மார்பைச் சுற்றி வெந்திருந்தால் இதே ஆபத்து மூச்சுக்கு.

கட்டு மாற்றும் நேரத்தில் நோயாளி படும் வலியைக் குறைக்க முடியுமா?

முடியும், குறைக்கவும் வேண்டும். தீக்காய நோயாளியிடம் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் கட்டு மாற்றுவதைத்தான் சொல்வார்கள். எந்நேரமும் இருக்கும் வலி வேறு, கட்டு மாற்றும்போது எழும் வலி வேறு. ஒன்றுக்குத் தந்த மருந்து மற்றதற்குப் போதாது. வாய்வழி மருந்தானால் 30 முதல் 45 நிமிடம் முன்பே கொடுத்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று கேட்டறிந்தபின்தான் தள்ளுவண்டியைக் கட்டிலருகே கொண்டுபோக வேண்டும். முதல் நாள்களில் தசையில் போடும் ஊசி பயன்படாது. வீக்கத்தால் இரத்த ஓட்டம் சீராக இல்லாத உடலில் அது எப்போது, எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. நரம்பு வழியே தருவதுதான் முறை.

ஒட்டிக்கொண்ட கட்டை உலர்ந்தபடி இழுப்பது புதிதாக முளைத்த தோலையும் சேர்த்துப் பிய்ப்பதாகும். வெதுவெதுப்பான சலைனை (தூய உப்புநீரை) ஊற்றி ஊற வைத்து, காஸ் துணியின் ஓரம் தானாக விலகும் வரை பொறுக்க வேண்டும். ஒருமுறை, கையில் காயம்பட்ட ஒருவர், “நானே எடுக்கட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டார். விரல்களுக்கு இடையே காஸ் ஒட்டியிருந்தது. நான் சலைன் ஊற்ற, அவர் மறுகையின் இரண்டு விரல்களால் இழை இழையாக விலக்கினார். நடுவே மூன்று முறை நிறுத்தி மூச்சுவிட்டுக்கொண்டார். நான் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அன்று அவர் ஒரு முறைகூடக் கத்தவில்லை, ஓரிடத்திலும் இரத்தம் கசியவில்லை. அன்றிலிருந்து, முடிந்த நோயாளிகளிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன். குறைந்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உரிமையாவது அவர்களிடம் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் வேண்டும்.

குளிர் வலியைக் கூட்டும். அறையை முன்பே வெதுவெதுப்பாக்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து, அதை மூடியபின் அடுத்ததைத் திறப்பது நல்லது. விரல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். சேர்த்துக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

வீட்டில் வேண்டாம். மருத்துவமனையில், சிறிய கொப்புளங்களை விட்டுவைத்து, பெரியவற்றையும் மூட்டின்மேல் இருப்பவற்றையும் தூய முறையில் அகற்றுவது பெரும்பாலான பிரிவுகளின் வழக்கம். மருத்துவர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பிரிவின் நடைமுறையைப் பின்பற்றுங்கள்.

வெள்ளைக் களிம்பை எல்லாக் காயத்துக்கும் பூசலாமா?

சில்வர் சல்ஃபாடயசினைத்தான் கேட்கிறீர்கள். பல பத்தாண்டுகளாகக் கை கொடுத்துவரும் மருந்துதான், ஆனால் எல்லோருக்கும் உரியதன்று. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகள், 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குத் தவிர்க்க வேண்டும். பூசிய சில நாள்களில் இரத்த வெள்ளையணுக்கள் குறையக்கூடும். காயத்தின்மேல் அது வெண்மையான ஆடையாகப் படிந்து ஆழத்தை மறைக்கும் என்பதால், தீக்காயச் சிறப்புப் பிரிவுக்கு அனுப்பப்போகும் நோயாளிக்கு அதைப் பூசாமல், சுத்தமாக மூடி அனுப்புவதே உதவி. மேலோட்டமான காயத்தில் அது குணமாவதைத் தாமதப்படுத்தவும் செய்யும். வெள்ளி கலந்த புதுவகைக் கட்டுகளைச் சில நாள்கள் பிரிக்காமலே விடலாம் என்பது நோயாளிக்குப் பெரும் ஆறுதல்.

கிருமித்தொற்று வராமல் இருக்க முதல் நாளே ஆன்டிபயாடிக் தருவதில்லையே, ஏன்?

முன்கூட்டியே தருவதால் தொற்று நிற்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன. தொற்றைத் தடுப்பது கைகழுவுதலும், நோயாளிக்கு நோயாளி மாற்றும் கையுறையும் மேலங்கியும், செத்த திசுவைக் காலத்தில் அகற்றுவதுமே. டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தை வந்த அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். காயத்தைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவுதல், மேலோட்டமாக இருந்தது ஆழமாதல், பச்சை நிறக் கசிவோடு இனித்த ஒரு வாடை, ஒட்டுத்தோல் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோல்) கரைதல், காரணமின்றி நோயாளி குழம்பிப் பேசுதல் ஆகியவை எச்சரிக்கைகள். பெருங்காயத்தில் காய்ச்சல் மட்டும் தொற்றுக்கு அடையாளமாகாது. முன்பு சாப்பிட்டவர் திடீரென்று உணவை ஏற்காமல் போனால் அது காய்ச்சலைவிடத் தெளிவான அறிகுறி.

உணவு எவ்வளவு முக்கியம்?

மருந்துக்குச் சமம். பெருங்காயத்தில் உடல் தன் தசையையே எரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் தேவைப்படும். வாயால் போதாதபோது மூக்குக் குழாய் வழியாக முதல் நாளிலேயே உணவூட்டத் தொடங்குவது குடலைக் காக்கும். அறையின் வெப்பத்தை 28 முதல் 32 டிகிரி வரை வைப்பதும் உணவோடு சேர்ந்த விஷயமே. குளிரும் உடல் சூட்டுக்காகவே உண்டதையெல்லாம் செலவழித்துவிடும்.

தோல் ஒட்டு வைத்தபின் ஏன் அசையக் கூடாது என்கிறார்கள்?

ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிர்வாழ்கிறது. அதன்பிறகே நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுள் நுழைகின்றன. இடையில் அது வழுக்கினாலோ, அடியில் இரத்தம் தேங்கினாலோ ஒட்டாது. தோல் எடுத்த தொடை, ஒட்டிய இடத்தைவிட அதிகம் வலிக்கும் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஏதோ தவறு நடந்துவிட்டதென்று அஞ்சுவார்.

கையை மடக்கி வைத்தால்தான் வலி குறைகிறது என்கிறார். அப்படியே விடலாமா?

விடக் கூடாது. நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலையே பின்னாளில் முடமாக்கும் நிலை. கழுத்தில் காயமென்றால் தலையணையை எடுத்துவிட வேண்டும்; தாடை மார்போடு ஒட்டிப்போனவர்களுக்கு அந்தத் தலையணைதான் தொடக்கமாக இருந்திருக்கும். அக்குளில் காயமென்றால் கையை உடலிலிருந்து 90 டிகிரி விலக்கி வைக்க வேண்டும். புறங்கையில் காயமென்றால் மணிக்கட்டைச் சற்றுப் பின்னோக்கி நிமிர்த்தி, விரல்களின் அடிமூட்டை மடக்கி, விரல்களை நேராக நீட்டி, அசையாமல் தாங்கும் பட்டைக் கட்டு போட வேண்டும். முழங்கால் நேராகவும், பாதம் 90 டிகிரியிலும் இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் நாளில் ஒருமுறைதான் வருவார். மீதி 23 மணி நேரமும் செவிலியரும் உறவினரும்தான் பொறுப்பு.

மருந்து ஒவ்வாமையால் தோல் உரிபவரை எப்படிப் பராமரிப்பது?

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்றும், உடற்பரப்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் உரிந்தால் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்றும் இதைச் சொல்கிறார்கள். வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன. மருந்து தொடங்கி 4 நாள் முதல் 4 வாரத்துக்குள் காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண் என்று தொடங்கும். புதிய மருந்து தொடங்கிய ஒருவர் கண்ணும் வாயும் எரிகிறது என்றால், தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அடுத்த வேளை மருந்தைத் தருவதற்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். சந்தேகத்துக்குரிய மருந்தை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது.

இவர்களின் தோல் விரலால் லேசாகத் தள்ளினாலே வழன்று வந்துவிடும். ஆகவே பசைப்பட்டை கூடாது; ஊசிக் குழாயையும் சுற்றுத்துணியால் கட்ட வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையின் கீழ் மெத்தென்ற துணி வைக்க வேண்டும். திருப்பும்போது அக்குளைப் பிடித்துத் தூக்காமல், ஒட்டாத விரிப்போடு சேர்த்து நகர்த்த வேண்டும். உரிந்த தோலைக் கத்தரித்து எடுக்காமல் இடத்திலேயே படிய விட்டால் அதுவே இயற்கையான கட்டாகும். கண்ணை மட்டும் ஒரு வேளைகூட மறக்கக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணீர்ச் சொட்டு மருந்து விட வேண்டும். இமை விழியோடு ஒட்டாமல் கண் மருத்துவர் நாள்தோறும் பார்க்க வேண்டும். தோல் சில வாரங்களில் வளர்ந்துவிடும். கண் போனால் வராது. குணமானபின், ஒவ்வாத மருந்தின் பெயரை அட்டையில் எழுதி, அவர் பணப்பையிலேயே வைத்துக்கொள்ளும்படி கொடுங்கள்.

உடல் முழுவதும் சிவந்து உதிரும் சோரியாசிஸ் நோயாளிக்கு எதற்குப் படுக்கை சிகிச்சை?

தோலெங்கும் இரத்தம் பாய்வதால் சூடும் நீரும் புரதமும் இடைவிடாது வெளியேறுகின்றன. இதயம் இரட்டிப்பாக உழைக்கிறது. நடுங்குகிறார் என்றால் காய்ச்சல் என்று மட்டும் எண்ணாமல், குளிர்ந்துபோகிறாரா என்றும் பார்க்க வேண்டும். நாடி, உடல் வெப்பம், உட்கொண்ட நீர், கால் வீக்கம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும்.

கரப்பானுக்குக் களிம்பு பூசியும் பயனில்லை என்கிறார்கள். எங்கே தவறு?

பெரும்பாலும் அளவில்தான். ஈரப்பதக் களிம்பை விபூதிபோலத் தொட்டு வைத்தால் போதாது. உடல் முழுவதும் பரவியிருந்தால் பெரியவருக்கு வாரத்துக்கு 500 கிராம் வரை தேவைப்படும். குளித்து ஒத்தியெடுத்த சில நிமிடங்களுக்குள், முடி வளரும் திசையிலேயே தடவ வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் முடிவேர்களில் கொப்புளம் வரும். ஸ்டீராய்டு களிம்பை இதற்கு நேர்மாறாக அளந்து பூச வேண்டும்: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு ஏறத்தாழ அரை கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இரண்டு களிம்புகளுக்கும் இடையே 20 முதல் 30 நிமிடம் விட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரஃபின் கலந்த களிம்புகள் மட்டுமல்ல, பிற ஈரப்பதக் களிம்புகளும் உடையிலும் விரிப்பிலும் ஊறி உலர்ந்தபின் எளிதில் தீப்பிடிக்கும்; துவைத்தாலும் முழுவதும் போகாது. களிம்பு பூசுபவர் அடுப்பருகே நிற்கவோ புகைபிடிக்கவோ கூடாது. தோல் நோய்க்கு வந்தவர் தீக்காயத்தோடு திரும்பி வருவதைத் தடுக்க இந்த ஒரு நிமிடப் பேச்சு போதும்.

சிரங்கு ஒருவருக்குத்தானே, வீட்டிலுள்ள எல்லோரும் ஏன் மருந்து பூச வேண்டும்?

அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகும். அதற்குள் மற்றவர்களுக்கும் ஒட்டியிருக்கும். 5 விழுக்காடு பெர்மெத்ரினைக் கழுத்துக்குக் கீழ் விரலிடுக்கு, நகக்கண், தொப்புள் விடாமல் ஒரே இரவில் எல்லோரும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டபின். பூச்சி செத்தபிறகும் சில வாரம் அரிக்கும். அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

காயம் எப்படி வந்தது என்று சொல்வதில் சந்தேகம் எழுந்தால்?

கையுறை அணிந்ததுபோல நேர்க்கோட்டில் முடியும் கொதிநீர்க் காயம், சொல்லும் கதைக்குப் பொருந்தாத காயம், ஒவ்வொரு முறையும் மாறும் கதை ஆகியவற்றை உள்ளபடி எழுதி, மூத்த செவிலியருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். பெரியவரானால் உறவினர் இல்லாத நேரத்தில், தனியாக, அவசரமின்றிக் கேளுங்கள். முதல் முறை சொல்லாதவர் நான்காம் நாள் கட்டு மாற்றும்போது சொல்லக்கூடும்.

முதன்முதலாகக் கண்ணாடி கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும், ஆனால் தனியே விடக் கூடாது. வீக்கம் எவ்வளவு, நிறம் எப்படி என்று முன்பே வார்த்தையால் சொல்லி, இவற்றில் எவை மாறும், எவை மாறாது என்பதையும் மறைக்காமல் சொல்லி, அருகில் உட்கார்ந்திருங்கள். “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்ற வார்த்தையை நோயாளி நம்புவதில்லை; அதற்குப்பின் நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் நம்பமாட்டார். தோல் நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு துயரம் உண்டு: யாரும் தொடுவதில்லை. தொற்றாத நோய் என்றால், தேவையில்லாத இடத்தில் கையுறை அணியாமல் தோளைத் தொட்டுப் பேசுங்கள். உறவினர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

சொன்னால் போதாது; செய்யவைத்துப் பார்க்க வேண்டும். கட்டை அவிழ்த்து, கழுவி, மீண்டும் கட்டுவதை வீட்டில் செய்யப்போகும் நபர் உங்கள் கண்முன் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். தழும்பு முதிர ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆகும்; அதுவரை தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்க உடையை, கழுவும் நேரம் தவிர, நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டும். புதிய தோலில் வெயில் பட்டால் கருத்துவிடும். மூடியோ வெயில் தடுப்புக் களிம்பு பூசியோ செல்ல வேண்டும். ஆழமாக வெந்து ஒட்டுப் போட்ட இடத்தில் சூடு சரியாகத் தெரியாது. குளிக்கும் நீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்தபின் ஊற்ற வேண்டும். இரவில் அரிப்பு தூங்கவிடாது. நகத்தை வெட்டி, ஈரப்பதக் களிம்பைத் தடவி, சொறியாமல் உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காய்ச்சல், துர்நாற்றம், ஆறிய இடம் மீண்டும் திறத்தல், மூட்டு நேற்றைவிட இன்று குறைவாக நீளுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சோதனை நாளுக்குக் காத்திராமல் வரச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.